எலி என்ற சொல்லை எடுத்துவிடு

பிப்ரவரி 9

எலி டாக்டருக்கு,

அக்கா எழுதுவது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று புருவத்தைத் தூக்காதே. எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு அறை, நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவருக்குக் காது உண்டு, காதின் பெயர் சிட்டு. நான் போனைக் கையில் எடுத்தாலே என் பெண்ணுக்குத் தாகம் எடுத்து, தண்ணீர் குடிக்க இந்தப் பக்கம் வந்துவிடுவாள். அதனால் அச்சகத்தில், புரூஃப் திருத்தும் என் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் அச்சக முகவரிக்கே போடு.

டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். "மருந்துல ஓட்டுற வரைக்கும் ஓட்டியாச்சு. இனிமே வேற ஈரல்தான் வைக்கணும்." என் உடம்பே என் கல்லீரலை எதிரி என்று நினைத்து அரித்துவிட்டதாம். கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து பைண்டிங் ஆள் கேட்கிறார், "என்னக்கா, நேத்து கொஞ்சம் ஓவரோ?" ஒரு சொட்டு நாக்கில் படாமலே குடிகாரிப் பட்டம் வாங்கியவள் நான்.

இறந்தவர்களின் ஈரலுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் எனக்கு முன்னால் பெரிய கூட்டம் நிற்கிறது. உன் ரத்த வகை எனக்குச் சேராது என்று போன மாதமே தெரிந்துவிட்டது. சிட்டுவின் வகை சேரும். அவள் கப் கழுவிக்கொண்டே, கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்வதைப் போலச் சொன்னாள்: "என்னோடதுல பாதி எடுத்துக்கட்டும்மா. அது திரும்ப வளந்துடுமாம்."

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். என் வீட்டில் பிள்ளை மனமும் பித்து.

அவள் அப்பாவுக்கு நடந்தது சாதாரணக் குடலிறக்க ஆபரேஷன். அரை மணி நேர வேலை, மத்தியானம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லையாம். அதே மாதிரி ஒரு கதவுக்குள் இவளையும் அனுப்பிவிட்டு நான் எதற்குப் பிழைக்க வேண்டும்?

அதனால் அவளிடம் சொல்லிவிட்டேன். "சித்தி ஒரு ஜெல் கண்டுபிடிச்சிருக்கா. அதுல ஈரல் செல்லைக் கலந்து ஊசியில போட்டா உள்ளேயே வளந்துடும். வெட்ட வேண்டாம், தைக்க வேண்டாம். கொஞ்சம் பொறு." அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். "சித்தி எழுதிக் குடுக்கட்டும், நம்புறேன்" என்றாள்.

எழுதிக் கொடு.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

உன் கடிதம் வந்தது. நீ என்ன காரியம் செய்திருக்கிறாய்?

அந்த ஜெல் இருப்பது உண்மைதான். பனிக்கட்டியில் வைத்திருந்தால் தண்ணீராக இருக்கும். செல்களைக் கலந்து ஊசியில் ஏற்றி உடம்புக்குள் விட்டால், உடம்புச் சூட்டில் உறைந்து மெத்தென்று நிற்கும். அந்த மெத்தைக்குள் ஈரல் செல்கள் பிடித்துக்கொண்டு வாழும். ஜெல் கெட்டியாகப் போனால் அவை ஈரல் என்பதையே மறந்துவிடும், வேலை செய்யாது. இளகலாகப் போனால் கரைந்து ஓடிவிடும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைத் தேடித்தான் இத்தனை வருடமாக இந்தக் குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் போட்டதெல்லாம் எலிக்கு, அக்கா. எலியிலும் செல்கள் மூன்று வாரம் தாங்கினால் எங்கள் பேராசிரியர் எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார். மனிதருக்குப் போட இன்னும் எத்தனையோ வருடம் ஆகும். ஆகாமலே கூடப் போகலாம்.

சிட்டு சொன்னதுதான் சரி. உயிருள்ள உடம்பில் பாதியை வெட்டினாலும் ஈரல் சில மாதத்தில் வளர்ந்துவிடும். என் கிண்ணத்தில் வளர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அதே செல்தான், அவள் வயிற்றில் யாரும் கெஞ்சாமலே வளரும். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மிகக் குறைவு. அவளைப் பரிசோதனைக்கு அனுப்பு. பொய் எழுத என்னால் முடியாது.

தங்கை


மார்ச் 1

எலி டாக்டருக்கு,

மிகக் குறைவு என்று எழுதியிருக்கிறாய். அவருக்கும் அதையேதான் சொன்னார்கள்.

அன்றைக்கு நீ வரவில்லை. உனக்குப் பரீட்சை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, நான்தான் வராதே என்றேன். ஆனால் அந்த வராண்டாவில் எட்டு வயதுப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். "அப்பா எப்ப வருவாரு?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். உனக்கு ஆபரேஷன் என்றால் நூற்றுக்கு இத்தனை பேர் என்ற கணக்கு. எனக்கு அது மூடிய ஒரு கதவு, அவ்வளவுதான்.

நீ எழுதாவிட்டால் நான் சிட்டுவின் ஈரலை வாங்கிக்கொள்வேன் என்று நினைத்தாயா? மேசைமேல் படுக்க வேண்டியது நான். படுக்க மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் என் முடிவு அதுதான். வித்தியாசம் என்னவென்றால், நீ எழுதாவிட்டால் தினமும் அவள் அழுவாள், நான் கத்துவேன். எழுதினால் இருக்கிற நாளில் இரண்டு பேரும் ஒரு தட்டில் சாப்பிட்டுச் சிரிப்போம்.

பொய் எழுதச் சொல்லவில்லை. உண்மையையே எழுது. உன் ஜெல்லைப் பற்றி உனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பு. புரூஃப் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

சிட்டுவுக்கு எழுதிய கடிதம் உள்ளே இருக்கிறது. எல்லாம் உண்மை. எலி என்ற சொல் ஐந்து இடத்தில் வருகிறது. அவள் கெட்டிக்காரி, படித்ததும் புரிந்துகொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள் என்ற நம்பிக்கையில்தான் அனுப்புகிறேன். திருட்டுத்தனத்தை உன்னிடம் மறைக்கவில்லை.

வயிற்றில் நீர் சேர்கிறதா? கால் வீங்குகிறதா? அதை ஏன் எழுத மாட்டேன் என்கிறாய்?

தங்கை


மார்ச் 20

அடி கள்ளி,

உன் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையைப் பார்த்து மயங்கி விழாதே. இருபது வருடமாக ஊரார் எழுத்தில் கை வைத்துச் சம்பளம் வாங்குகிறவள், உன் எழுத்தில் கை வைத்தால் கோபித்துக்கொள்வாயா?

எலி வரும் ஐந்து இடத்திலும் அந்தச் சொல்லை எடுத்துவிடு. "எலிகளின் வயிற்றில் போட்ட செல்கள் மூன்று வாரம் உயிரோடு இருந்து வேலை செய்தன" என்பதில் முதல் சொல்லையும் மூன்று வாரத்தையும் எடு. மீதி அப்படியே நிற்கும். "மனிதருக்குப் போட வருடங்கள் ஆகலாம்" என்ற வரி முழுதாகப் போகட்டும். மூன்றாவது பத்தியை இரண்டாவதோடு சேர்த்துவிடு. நடுவில் இடைவெளி விட்டால் சிட்டு அங்கே நின்று யோசிப்பாள்.

நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை என்பதைக் கவனி. புரூஃப் பார்க்கிறவளுக்கு அந்த உரிமை கிடையாது. எடுக்கலாம், நகர்த்தலாம், அவ்வளவுதான்.

சுத்தமாக ஒரு பிரதி எழுதி அனுப்பு. நீர் சேர்கிறது. கால் வீங்குகிறது. போதுமா?

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நீ சொன்னபடியே எழுதிவிட்டேன். உள்ளே இருக்கிறது.

ஏன் எழுதினேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த வாரம் ஜெல் நன்றாக வந்திருக்கிறது. புதுக் கலவை. ஊசி வழியாகப் போகும்போது செல்கள் நசுங்கவில்லை. ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதத்தை, நிஜ ஈரலைப் போல, அவை சுரந்துகொண்டே இருக்கின்றன. அளவைப் பார்த்துவிட்டுப் பேராசிரியர் என் முதுகில் தட்டினார். அன்றைக்கு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, ஒருவேளை சீக்கிரமே நடந்துவிட்டால், ஒருவேளை அக்காவுக்கே முதலில் போட அனுமதி கிடைத்துவிட்டால் என்று என்னென்னவோ கோட்டை கட்டினேன். அந்த மயக்கத்திலேயே வீட்டுக்கு வந்து உன் பிரதியை எழுதி முடித்தேன்.

உறை ஒட்டிய பிறகு கிழித்துவிடலாமா என்று இருந்தது. கிழிக்கவில்லை.

தங்கை


ஏப்ரல் 18

என் செல்லத் தங்கைக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். சிட்டு படித்தாள். இரண்டு தரம் படித்தாள். பிறகு என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "சித்தி பெரிய ஆளும்மா" என்றாள். பரிசோதனைக்கு வாங்கியிருந்த தேதியைப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அவள் உன் ஜெல்லுக்கு விளம்பர அதிகாரி. கீழ் வீட்டுக்காரருக்கு, அவள் ஆபீஸில் இருப்பவர்களுக்கு, லிஃப்ட் ரிப்பேர் செய்ய வந்தவருக்கு என்று ஒருவர் பாக்கியில்லை. "பனிக்கட்டில வச்சா தண்ணி, உடம்புக்குள்ள போனா மெத்தை" என்று விளக்குகிறாள். அந்த லிஃப்ட்காரர், "என் முட்டிக்கும் போடுவாங்களா?" என்று கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

வயிறு வலித்ததற்கு வேறு காரணமும் உண்டு. போன வாரம் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். இரண்டு பக்கெட் என்று சிட்டுவிடம் சொன்னேன், அவள் நம்பிவிட்டாள். இரவெல்லாம் உடம்பு அரிக்கிறது. அவள் சீப்பால் முதுகைச் சொறிந்துவிடுகிறாள். அப்போது நாங்கள் பழைய கதைகளெல்லாம் பேசுகிறோம். அவள் அப்பாவைப் பற்றி இத்தனை வருடத்தில் இப்போதுதான் இவ்வளவு பேசியிருக்கிறோம். நீ கொடுத்த நாட்கள் இவை. மறக்க மாட்டேன்.

அக்கா


மே 25

அக்கா,

ஒரு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது.

ஜெல் தோற்றுவிட்டது. எலியின் வயிற்றிலிருந்து வெளியே எடுத்து அறுத்துப் பார்த்தோம். ஓரத்தில் மெல்லிய வட்டமாகச் செல்கள் உயிரோடு இருக்கின்றன. உள்ளே எல்லாம் செத்துக் கிடக்கிறது. ரத்தக்குழாய் போகாத இடத்தில் அவை எதைத் தின்று வாழும்? வெளியில் இருந்தவை சுரந்ததைத்தான் நாங்கள் அளந்து கொண்டாடியிருக்கிறோம். பேராசிரியர், "இது சகஜம், முதல்லருந்து ஆரம்பிப்போம்" என்றார். அவருக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க நேரம் இருக்கிறது.

உன் ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சிட்டு எனக்குப் போனில் அனுப்புகிறாள். ஒவ்வொன்றின் கீழேயும், "சித்தி, ஊசி எப்ப?" என்று கேட்கிறாள். நான் கை கூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைக்கிறேன். அந்த முடிவுகளைப் படிக்கத் தெரிந்தவள் நான். ஏப்ரலில் இருந்த நீ இப்போது இல்லை. இன்னும் கொஞ்சம் போனால் ஆபரேஷனைத் தாங்கும் உடம்பாக இருக்க மாட்டாய். அப்போது சிட்டு முழு ஈரலையே கொடுத்தாலும் பயன் இல்லை.

அவளிடம் நீயே சொல். நீ சொன்னால் அது உன் முடிவாக இருக்கும். நான் சொன்னால் நாம் இரண்டு பேரும் ஏமாற்றியதாக இருக்கும்.

தங்கை


ஜூன் 4

சொல்ல மாட்டேன்.

நீயும் சொல்லக் கூடாது. மீறிச் சொன்னால் எனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதையே மறந்துவிடுவேன். என் பெண்ணின் உடம்பு என் கையில் இருக்கிற கடைசிப் பொருள். அதில் கத்தி வைக்க உனக்கு உரிமை இல்லை.

அக்கா


ஜூன் 12

அக்கா,

சிட்டுவுக்கு எழுதிவிட்டேன். நேற்றுத் தபாலில் சேர்த்தேன். இந்த முறை உன்னிடம் புரூஃப் காட்டவில்லை.

எலி என்று எழுதினேன். மூன்று வாரம் என்று எழுதினேன். முதல் கடிதத்தில் இருந்து எடுத்ததை எல்லாம் மறுபடியும் சேர்த்தேன். உடனே பரிசோதனைக்குப் போ, அம்மா கத்தினால் கத்தட்டும் என்று எழுதினேன்.

நீ என்னை மறந்துவிடு. உயிரோடு இருந்து மற.

தங்கை


ஜூலை 9

தங்கைக்கு,

உன்னை மறந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. மற்றதெல்லாம் மறக்கிறது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் முழிக்கிறேன். நேற்று நர்ஸை அக்கா என்று கூப்பிட்டேன், அவளுக்கு என் பெண்ணின் வயதுதான் இருக்கும். எழுத்து கோணலாகப் போகிறது. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று சிட்டு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளே போய் எல்லாப் பரிசோதனையும் கொடுத்தாள். எல்லாம் பொருந்திவிட்டது. அளவு, ரத்தக்குழாய், எல்லாம். டாக்டரே, "அம்மாவும் பொண்ணும் அச்சு ஒண்ணுதான்" என்றாராம். அவள் ஓடிவந்து சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்து என் வீம்பு உடைந்துவிட்டது. சரி என்று கையெழுத்துப் போட்டேன். ஆமாம், போட்டேன். உன்னிடம் தோற்றதைச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன்.

அதற்குள் வயிற்று நீரில் கிருமி சேர்ந்து, ரத்தத்தில் ஏறி, சிறுநீரகமும் படுத்துக்கொண்டது. நேற்று டாக்டர் அவளை வெளியே கூப்பிட்டுப் பேசினார். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தவில்லை. "இந்த உடம்பு இனிமே ஆபரேஷன் தாங்காதும்மா. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கலாம்."

அவள் உள்ளே வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். அழவில்லை. "நான்தாம்மா அந்தத் தேதியை வேணாம்னு சொன்னேன். நானேதான் போன் பண்ணிச் சொன்னேன்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். காப்பி கொண்டுவரும்போதும் சொல்கிறாள், போர்வையைச் சரிசெய்யும்போதும் சொல்கிறாள்.

நான் அவள் உடம்பில் ஒரு கீறல் விழக் கூடாது என்று நினைத்தேன். விழவில்லை. இதை நான் நினைக்கவில்லை.

நான் சொன்னால் நம்ப மாட்டாள். என்மேல் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. உன்மேல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, கடைசியில் உண்மையைச் சொன்னவள் நீதானே. அதனால் கேட்கிறேன். அவளுக்கு ஒன்று எழுது. உன் அம்மாவின் நோய் அப்படிப்பட்டது, ஏப்ரலில் உன் ஈரலை வைத்திருந்தாலும் அதையும் இந்த உடம்பு தின்று தீர்த்திருக்கும், எப்படியும் பிழைத்திருக்க மாட்டாள் என்று எழுது. நீ படித்தவள், நீ சொன்னால் எடுபடும்.

இந்த முறை ஒரு சொல்லும் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

அக்கா


ஜூலை 16

அக்கா,

எழுதிவிட்டேன். நேராக அவள் போனுக்கே அனுப்பினேன், தபாலை நம்பி உட்கார நேரம் இல்லை.

நூறு பேரில் எத்தனை பேருக்குப் புது ஈரலிலும் இந்த நோய் திரும்ப வரும், வந்தால் எந்த மருந்தில் அடங்கும், எத்தனை வருடம் வாழ்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதில் எதையும் எழுதவில்லை. நீ சொன்னதை எழுதினேன். இன்னும் கூட்டியும் எழுதினேன். உன் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்றுக்கு நானே வாயில் வந்த பெயரை வைத்து, அது இருந்தால் மாற்று ஈரல் நிற்காது என்றேன். எங்கள் ஆய்வகத்தில் இப்படி ஒரு வரி எழுதினால் என்னை வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

சிட்டு கூப்பிட்டாள். பின்னால் உன் அறையில் இருக்கிற மெஷினின் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்: "மொதல்ல ஊசி வரும்னு எழுதினீங்க. அப்புறம் வராதுன்னு எழுதினீங்க. இப்ப, எது பண்ணியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு எழுதியிருக்கீங்க. இதுல எது சித்தி நிஜம்?"

"கடைசியா எழுதினதுடா" என்றேன்.

"மொதல்ல எழுதினது?"

"அது பொய்."

முதல் கடிதத்தில் பொய்யாக ஒரு சொல்கூட இல்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும். ஆனாலும் அதைப் பொய் என்று சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை. அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. "அப்ப நான் அன்னைக்கே போயிருந்தாலும் அம்மா பொழச்சிருக்க மாட்டாங்க. அப்படித்தானே?" என்றாள். அப்படித்தான் என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள், அக்கா. அந்தத் தேதியை வேண்டாம் என்று சொன்ன பெண்ணாக இல்லாமல், அம்மாவுக்காக அழுகிற பெண்ணாக அழுதாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

அவள் வாழ்நாள் முழுக்க நான் இதைக் காப்பாற்ற வேண்டும். என்றைக்காவது ஒரு டாக்டரிடம் கேட்டுவிட்டாலோ, எங்கேயாவது படித்துவிட்டாலோ, என் முன்னால் வந்து நிற்பாள். அப்போதும் இதையேதான் சொல்வேன்.

இந்தக் கடிதத்தை அங்கே யார் கையில் கொடுத்தாலும் அவள் பார்த்துவிடுவாள். அதனால் நானே கொண்டுவருகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காப்பி வாங்கக் கீழே போகும் நேரத்தில் மெதுவாகப் படித்துக் காட்டிவிட்டுக் கிழித்துவிடுவேன். நாளைக் காலை வண்டி. நான் வந்து சேரும்வரை இரு, அக்கா.

தங்கை